அப்ஃபெல்சீனெ: ஆரஞ்சுக்கு ஜெர்மன்காரர்கள் ஏன் சீன ஆப்பிள் என்று பெயர் வைத்தார்கள்?

ஜெர்மன் மொழியில் ஆரஞ்சுப் பழத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஒரான்ஷெ, பிரெஞ்சிலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டது. இன்னொன்று அப்ஃபெல்சீனெ. அப்ஃபெல் என்றால் ஆப்பிள், சீனெ என்பது சீனா, ஆக சீனத்து ஆப்பிள். அகராதிகளில் இந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரி எதையுமே விளக்கவில்லை. ஆரஞ்சுக்கும் ஆப்பிளுக்கும் உருண்டையாக இருப்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது, அப்புறம் ஏன் ஆப்பிள்? இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது ஜெர்மன்காரர்கள் தின்ற ஆரஞ்சு எதுவும் சீனாவிலிருந்து கப்பலேறியது இல்லை, அப்புறம் ஏன் சீனா? ஜெர்மன் இலக்கணப்படி பார்த்தால் சொல்லே தலைகீழாக நிற்கிறது. போதாக்குறைக்கு நாட்டின் வடபகுதிதான் இப்படிச் சொல்லும், தெற்கே போனால் ஒரான்ஷெதான்.

முதலில் எந்தப் பழத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சரிசெய்துகொள்ளலாம், ஏனென்றால் நம் ஊர்ப் பேச்சில் இது குழம்பும். தோல் தளர்வாக இருந்து, நகத்தால் கிள்ளினாலே உரிந்துவரும் கமலா ஆரஞ்சு, நாக்பூர் ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு எல்லாம் தாவரவியலில் மாண்டரின் இனம். ஜெர்மனியில் அதற்கு மாண்டரீனெ என்று தனிப்பெயர் உண்டு. அப்ஃபெல்சீனெ என்பது தோல் சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இனிப்பு ஆரஞ்சு. நம் சாத்துக்குடி அந்த இனம்தான். பப்ளிமாஸும் மாண்டரினும் கலந்து உருவானது இந்த இனம் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. எலுமிச்சைக் குடும்பம் மொத்தத்துக்கும் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாமின் கிழக்குப் பகுதி, மியான்மரின் வடக்கு, சீனாவின் யுன்னான் மாகாணத்தின் மேற்கு எல்லாம் சேர்ந்த பகுதி என்று 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். சொற்களை ஒட்டிப் புதுச்சொல் செய்வதில் ஜெர்மனும் தமிழும் ஒரே கட்சி. மாம்பழச்சாறு என்றால் அது சாறு, சாற்றுப்பழம் என்றால் அது பழம். கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் வருவது அதற்கு அடைமொழி. ஜெர்மனிலும் அப்படியே. வீட்டுக்கு ஹவுஸ், செருப்புக்கு ஷூ. ஹவுஸ்ஷூ என்றால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு, ஷூஹவுஸ் என்றால் செருப்புக்கடை. இந்த விதியை வைத்துக்கொண்டு அப்ஃபெல்சீனெயைப் படித்தால் அது ஒருவகை ஆப்பிளாக இருக்க முடியாது, ஆப்பிள்கள் விளையும் ஏதோ ஒரு சீனாவாகத்தான் இருக்க முடியும்! ஒழுங்காக ஒட்டியிருந்தால் சீனா முன்னால், ஆப்பிள் பின்னால் வந்திருக்க வேண்டும். பக்கத்து நாடான நெதர்லாந்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், அங்கே இன்றைய சொல் சீனாஸ்அப்பெல். ஆனால் டச்சிலேயே அப்பெல்சீன் என்ற மாற்று வடிவமும் இருக்கிறது, பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதிகளில் இன்றும் அதைக் கேட்கலாம். ஜெர்மனுக்குள் வந்தது இந்த இரண்டாவது வடிவம்.

அந்த வடிவம் ஏன் தலைகீழாக இருக்கிறது என்றால், அதற்கு அச்சு பிரெஞ்சு. பிரெஞ்சில் பொம் த சீன், சீனாவின் ஆப்பிள். பிரெஞ்சில் அடைமொழி பின்னால்தான் வரும், அது அவர்கள் வழக்கம். டச்சு வியாபாரிகள் வார்த்தையை மாற்றினார்கள், வரிசையை மாற்றவில்லை. பொம் என்ற இடத்தில் அப்பெல், அதன் பின்னாலேயே சீனா. 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் டச்சில் அப்பெல்சீனா, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஜெர்மனியின் பேச்சுமொழியான தாழ்நில ஜெர்மனிலும் அதே அப்பெல்சீனா. அப்புறம் எழுத்து ஜெர்மனுக்குப் போகும்போது யாரோ அதற்குக் கொஞ்சம் மரியாதையான உடை மாட்டிவிட்டார்கள்: வடக்கத்தியார் அப்பெல் என்பதை எழுத்துமொழி அப்ஃபெல் என்று எழுதும், ஆகவே முன்பாதி திருத்தப்பட்டது. பின்பாதியை யாரும் தொடவில்லை, வால் மட்டும் ஆகாரத்திலிருந்து எகரமாக மழுங்கியது.

இதில் பால் விஷயமும் சுவையானது. அப்ஃபெல் ஆண்பால். நாட்டின் பெயரோ ஜெர்மனில் இரண்டிலும் சேராத நடுப்பால். அப்ஃபெல்சீனெ மட்டும் பெண்பால். ஆணும் நடுவும் சேர்ந்தால் பெண் எப்படி வரும்? ஜெர்மனில் பெரும்பாலான பழப்பெயர்கள் பெண்பால், ஆப்பிளும் பீச்சும்தான் முக்கியமான விதிவிலக்குகள். அதோடு ஈனெ என்று முடியும் சொற்கள் பெண்பாலாகவே இருக்கும், உலர்திராட்சைக்கு ரொசீனெ, இன்னொரு பக்கம் மாண்டரீனெ, கிளெமென்டீனெ. அந்தக் கூட்டத்தில் அப்ஃபெல்சீனெயும் போய் உட்கார்ந்துகொண்டது. பேசுகிறவர்கள் காதில் அது ஆப்பிளும் சீனாவும் சேர்ந்த கூட்டுச்சொல்லாக விழவே இல்லை, ஆப்பிளோடு ஒரு விகுதி சேர்ந்த மாதிரிதான் விழுந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆப்பிள் எப்படி உள்ளே வந்தது என்றால், ஐரோப்பாவில் ஆப்பிள் என்பது நெடுங்காலம் ஒரு குறிப்பிட்ட பழத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. பழம் என்ற பொதுப்பெயராகவே அது வேலை பார்த்தது. லத்தீன் போமும் பழம், அதிலிருந்து வந்த பிரெஞ்சு பொம் ஆப்பிள். பெயர் தெரியாத பழம் எது வந்தாலும் அதை ஏதோ ஒரு ஆப்பிள் என்று சொல்லிவிடுவார்கள். மாதுளைக்கு ஜெர்மனில் கிரனாட்அப்ஃபெல், அதாவது விதை நிறைந்த ஆப்பிள். ஆஸ்திரியாவில் உருளைக்கிழங்கு ஏர்ட்அப்ஃபெல், மண் ஆப்பிள். அதே ஆஸ்திரியாவில் தக்காளிக்குப் பாரடைசர் என்று பெயர், சொர்க்கத்து ஆப்பிள் என்ற நீளமான பெயரின் மிச்சம் அது. பீச்சை லத்தீன்காரர்கள் பாரசீக ஆப்பிள் என்றார்கள், நாளடைவில் ஆப்பிள் உதிர்ந்து பாரசீகம் மட்டும் மிஞ்சி, அதுதான் தேய்ந்து தேய்ந்து ஜெர்மனில் ப்ஃபிர்ஸிஷ் ஆனது. பழத்தோடும் நிற்கவில்லை. கருவாலி மரத்தில் உண்டாகும் மாசிக்காய்க்கு கால்அப்ஃபெல், கண்விழிக்கு அவுக்அப்ஃபெல், தெருவில் குதிரை போட்டுவிட்டுப் போவதற்கு ப்ஃபேர்டெஅப்ஃபெல். கடைசியில் சொன்னது குதிரை ஆப்பிள், ஜெர்மன் நகைச்சுவை இவ்வளவுதான் என்று விட்டுவிடலாம்.

பெயரின் பின்பாதியில் நிற்பது சீனாதான் என்பதும் இன்று வெளியே தெரியாது. 17, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நூல்களில் அந்த நாட்டின் பெயர் சீனா. லத்தீன் வழி வந்தது, சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தெரிந்த அதே பெயர், அநேகமாகச் சின் அரசமரபின் பெயரிலிருந்து கிளம்பியது. தமிழில் சர்க்கரையைச் சீனி என்பதற்கும் இந்தப் பெயரைத்தான் காரணம் காட்டுகிறார்கள். ஆனால் ஜெர்மனில் பின்னால் எழுத்தும் உச்சரிப்பும் மாறிவிட்டன, இன்று அந்த நாட்டை வடக்கே ஹீனா போலவும் தெற்கே கீனா என்றும் சொல்கிறார்கள். பழைய சீனா சீனவியல் துறையின் பெயரான சினொலொகீயிலும் இந்தப் பழத்திலும் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஹம்பர்கில் பழம் வாங்கும் ஒருவரிடம் இதில் சீனா இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் ஆச்சரியப்படுவார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. பழம் சீனாவிலிருந்து வந்ததா? தென்சீனத் துறைமுகமான கான்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பாய்மரக் கப்பலில் வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வெப்பத்தில் அவ்வளவு நாள் எந்த ஆரஞ்சும் தாங்காது. வந்தது கன்றும் விதையும், அதுவும் போர்ச்சுகலுக்கு. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். போர்ச்சுகீசியர் 1513இல் சீனக் கடற்கரையைத் தொட்டார்கள், 1557இல் மக்காவில் குடியேறினார்கள். இதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஜெனோவா வியாபாரிகள் வழியாக மத்தியதரைக்கடல் பக்கம் ஓரளவு இனிப்பான ஆரஞ்சு வந்துவிட்டிருந்தது. ஆனால் போர்ச்சுகீசியர் கிழக்கிலிருந்து கொண்டுவந்தது அதைவிடத் தித்திப்பான ரகம், அதைத்தான் ஐரோப்பா கொண்டாடியது. சீனாவிலிருந்து வந்த அந்த முதல் மரமே லிஸ்பனில் ஒரு பிரபுவின் வீட்டில் இன்னும் நிற்கிறது என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல்லிக்கொண்டார்கள். இப்படி ஒற்றைத் தாய்மரத்தைக் காட்டும் கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனால் சீனா என்ற பெயருக்கு அந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்று இது காட்டுகிறது. ஆங்கிலேயரும் அப்போது நல்ல இனிப்பு ஆரஞ்சைச் சைனா ஆரஞ்சு என்றுதான் விற்றார்கள். ஆக வடக்கே போன பழம் காய்த்தது ஐபீரிய மண்ணில், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம், சீனா என்பது அதன் ரகப்பெயர். நம் கடைக்காரர் ஏதாவது ஊர்ப்பெயரைச் சொல்லி மாம்பழம் விற்பாரே, அப்படி.

ஏன் ரகத்தை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது? ஏனென்றால் ஆரஞ்சு என்று ஐரோப்பா அதுவரை அறிந்திருந்தது வாயில் வைக்க முடியாத கசப்பு ஆரஞ்சு. அதை அரேபியர்கள் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் ஏறத்தாழ 10, 11ஆம் நூற்றாண்டுகளில் கொண்டுபோயிருந்தார்கள். தோலுக்கும் பூவுக்கும் மருந்துக்கும் வளர்த்தார்கள், அப்படியே உரித்துத் தின்னும் பழமல்ல. இதற்கு ஜெர்மனில் பொமெரான்ட்செ என்று பெயர், 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த சொல். இத்தாலியில் போமோ என்றால் ஆப்பிள், அரான்ச்சா என்றால் ஆரஞ்சு, இரண்டும் ஒட்டி பொமரான்ச்சா. ஆக ஆப்பிள் ஏற்கெனவே ஒருமுறை ஆரஞ்சோடு சேர்ந்து ஜெர்மனுக்குள் வந்திருக்கிறது, வேறு வேஷத்தில். கிறிஸ்துமஸ் காலத்தில் ட்ரெஸ்டனில் செய்யும் ஸ்டொல்லன் ரொட்டியில் சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத்தோல் துண்டுகள் இருக்குமே, அது முறைப்படி இந்தக் கசப்பு ஆரஞ்சின் தோல்தான். மற்றபடி பொமெரான்ட்செ இன்று ஜெர்மன் பேச்சில் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. லாண்ட்பொமெரான்ட்செ என்ற ஒரு வசையில் மட்டும் நன்றாக உயிரோடிருக்கிறது, சிவந்த கன்னத்தோடு நகரத்துக்கு வரும் பட்டிக்காட்டுப் பெண்ணைக் கிண்டல் செய்யும் சொல் அது.

அரான்ச்சா எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் நாம் நம் வாசலிலேயே வந்து நிற்போம். அரபில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் தமிழின் நாரத்தை, மலையாளத்தின் நாரங்ஙா, தெலுங்கின் நாரிஞ்ச என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சமஸ்கிருதம் இந்தச் சொல்லைத் திராவிட மொழிகளிலிருந்து எடுத்திருக்கலாம் என்று பல சொற்பிறப்பு அகராதிகள் 'அநேகமாக' என்ற எச்சரிக்கையோடு சொல்கின்றன. ஆரஞ்சு தமிழ்ச்சொல்தான் என்று வாட்ஸ்அப்பில் அடித்துச் சொல்கிறவர்கள் அந்த 'அநேகமாக'வைத் தூக்கிவிடுகிறார்கள், நம் நாரத்தையும் அவர்களுடைய ஆரஞ்சும் வேறுவேறு பழம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் அடிப்படை இல்லாத பெருமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்பானிய நரான்ஹாவில் முதலில் வரும் 'ந' ஒலி அப்படியே இருக்கிறது. இத்தாலியில் அது முன்னால் வரும் 'ஒரு' என்ற சொல்லின் கடைசி ஒலியோடு கலந்து காணாமல் போயிற்று. பிரெஞ்சில் தங்கத்துக்கு ஓர் என்று பெயர், பழமும் தங்க நிறம், அந்தச் சாயலில் முதலெழுத்து ஓகாரமாகி ஒரான்ஷ் ஆனது. பழைய பிரெஞ்சிலும் ஆரம்பத்தில் பொம் தொரான்ஷ் என்று ஆப்பிளைச் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

இங்கேதான் படம் தெளிவாகிறது. கசப்பு ஆரஞ்சு தரைவழியாக, இந்தியா, பாரசீகம், அரபு நாடுகள், இத்தாலி என்று கைமாறிக் கைமாறி வந்தது. போன இடமெல்லாம் நாரங்க என்ற பெயரையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. ஐந்நூறு ஆண்டு கழித்து இனிப்பு ஆரஞ்சு கடல்வழியாக வந்தபோது அந்தப் பெயர் ஏற்கெனவே கசப்புக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. புதுப்பழத்துக்குப் புதுப்பெயர் வேண்டும். கிரேக்கர்கள் கசப்பை நெரான்ட்சி என்றும் இனிப்பைப் போர்த்தொகாலி என்றும் பிரித்தார்கள். அரபில் நாரஞ்ச், புர்த்துகால். பாரசீகத்தில் நாரஞ்ச், போர்த்தெகால். துருக்கியில் போர்த்தகால், ருமேனியாவில் போர்த்தொகாலா, பல்கேரியாவிலும் அல்பேனியாவிலும் ஜார்ஜியாவிலும் இதே கதை. எல்லாம் போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயர்தான், மூக்கும் முழியும் மாறாமல். கிழக்கு மத்தியதரைக்கடல் மக்களுக்கு இந்தப் பழத்தைப் போர்ச்சுகலோடு சேர்த்துத்தான் தெரியும், அதனால் அந்த நாட்டின் பெயர். வடகடல் துறைமுகங்களில் அதே பழத்தை விற்றவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் தங்கள் போட்டி நாட்டின் பெயரை விட்டுவிட்டுச் சீனாவின் பெயரைச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. இது என் ஊகம்தான், ஆனால் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவில் போர்ச்சுகீசியரை ஒவ்வொரு துறைமுகமாக விரட்டிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது, சந்தையில் எந்தப் பெயருக்கு மவுசு என்பதும் தெரிந்ததே. இரண்டு பெயரில் எதுவும் பழம் எங்கே காய்த்தது என்பதைச் சொல்ல வரவில்லை. அது எந்தக் கை வழியாக வந்தது, எந்தப் பெயரில் விலைபோனது என்பதைத்தான் சொல்கிறது.

சீனாவின் பெயரைத் தாங்கிய ஆரஞ்சுகள் டச்சுக் கடல்வழிக்கு வெளியேயும் உண்டு. புவெர்ட்டோ ரிக்கோவில் இன்றும் ஆரஞ்சுக்குச் சீனா என்றே பெயர், அங்கே சீனா ஜூஸ் கேட்டால் ஆரஞ்சுச் சாறு வரும். அல்ஜீரியாவிலும் மொராக்கோவிலும் பேச்சு அரபில் இதே பெயரின் உருவங்கள் வழங்குகின்றன. மேற்கு ஐரோப்பா மட்டும் இந்த வம்பெல்லாம் இல்லாமல் பழைய பெயரையே இனிப்புக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, கசப்புக்கு 'கசப்பு' என்ற அடைமொழியை ஒட்டிவிட்டது. ஜெர்மனும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, பொமெரான்ட்செக்குப் பதில் பிட்டர்ஒரான்ஷெ என்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஹம்பர்கிலிருந்தும் அப்பெல்சீனா எங்கெல்லாம் கப்பல் ஏறியது என்று பார்த்தால் பால்டிக் கடல் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. டேனிஷ், நார்வீஜியன், ஸ்வீடிஷ் மூன்றிலும் அப்பெல்சீன், ஐஸ்லாந்தில் அப்பெல்சீனா, ஃபின்லாந்தில் அப்பெல்சீனி, எஸ்தோனியாவில் அபெல்சின், லித்துவேனியாவில் அபெல்சினஸ். ரஷ்யாவில் அபெல்சின், அங்கே ஆப்பிளுக்கே யாப்லக்கோ என்று வேறு பெயர் இருப்பதால் இதில் ஆப்பிள் இருப்பது யாருக்கும் தோன்ற வாய்ப்பே இல்லை. தரைவழியாக இத்தாலியோடு தொடர்பிலிருந்த போலந்தும் செக்கும் மட்டும் பொமரான்ச்சாவைப் பிடித்துக்கொண்டு, அதையே இனிப்புக்கும் பெயராக்கிவிட்டன.

ஜெர்மனிக்குள் கோடு எங்கே விழுகிறது என்பது இதைவிடச் சுவாரசியம். அப்ஃபெல்சீனெ வழங்கும் பகுதியின் தெற்கு எல்லை தோராயமாக ஷ்பையர் கோடு என்பார்கள், ரைன் நதிக்கரையில் இருக்கும் ஷ்பையர் நகரத்தின் பெயரால். அது மொழியியலாளர்கள் வேறு காரணத்துக்காகப் போட்ட கோடு: அதற்கு வடக்கே வட்டாரப் பேச்சில் ஆப்பிளை அப்பெல் என்பார்கள், தெற்கே அப்ஃபெல். அதாவது அப்பெல் என்று சொல்கிறவர்கள் அப்பெல்சீனாவை எடுத்துக்கொண்டார்கள், அப்ஃபெல் என்று சொல்கிறவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு ஒலி காரணம் என்று நினைத்துவிட வேண்டாம், காரணம் சரக்குப் பாதை. வடக்குக்குப் பழம் துறைமுகத்திலிருந்து ஆற்றுவழியாக மேலேறியது. தெற்குக்கு இத்தாலியிலிருந்து மலை தாண்டியும் பிரான்ஸ் பக்கமிருந்தும் வந்தது. நியூரம்பெர்க் வியாபாரி யோஹன் கிறிஸ்டோஃப் ஃபோல்காமர் தன் தோட்டத்தில் எலுமிச்சைக் குடும்ப மரங்களை வளர்த்து, 1708இல் அவற்றைப் பற்றிப் பெரிய செப்புத்தகட்டுப் படங்களோடு ஒரு நூலே போட்டார். அவர் தொழில் பழகியது இத்தாலிய வணிகத்தில்தான். பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆம்ஸ்டர்டாம்காரர் வைத்த பெயர் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு பக்கக்குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஜெர்மனியில் ஒரானியன்பர்க், ஒரானியன்பௌம் என்று ஊர்கள் இருக்கின்றன, அவை பழத்தால் பெயர்பெற்றவை அல்ல. பிரான்சின் தெற்கே ஒரான்ஷ் என்றொரு ஊர், ரோமானியர் காலத்தில் அரௌசியோ, உள்ளூர் நீர்த்தெய்வத்தின் பெயர் என்பார்கள். அந்தச் சிற்றரசு 1544இல் நாசௌ குடும்பத்தின் கைக்கு வந்தது, அதுதான் பின்னால் நெதர்லாந்தின் அரசகுடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண்ணான லூயிஸ ஹென்ரியெட்டெ பிராண்டன்பர்க் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் 1652இல் பெர்லினுக்கு வடக்கே இருந்த பெட்ஸோ என்ற ஊர் ஒரானியன்பர்க் ஆனது. அவர் தங்கை பெயரால் 1673இல் ஆன்ஹால்ட் பகுதியில் ஒரானியன்பௌம். பெயர் தற்செயலாகப் பழத்தோடு ஒத்துப்போனதும் குடும்பம் அதையே சின்னமாக்கிக்கொண்டது: ஒரானியன்பௌம் சந்தைச் சதுக்கத்தில் இரும்பில் செய்த ஆரஞ்சு மரம் நிற்கிறது, அரண்மனைத் தோட்டத்தில் 175 மீட்டர் நீளத்துக்கு ஆரஞ்சுமரங்களைக் குளிர்காலத்தில் அடைத்து வைக்கும் மாளிகையும் இருக்கிறது. கவனித்தால் அந்த மாளிகைக்கும் ஒரான்ஷெரீ என்ற பிரெஞ்சுப் பெயர்தான். அரண்மனை பிரெஞ்சு பேசியது, துறைமுகம் டச்சு பேசியது. ஆக வடக்கு ஜெர்மனியிலேயே பிரபு ஒரான்ஷெரீயில் உலாவ, அவர் சமையல்காரர் சந்தையில் அப்ஃபெல்சீனெ வாங்கினார்.

விஞ்ஞானமும் சீனாவுக்கே வாக்களித்தது. ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் பெர் ஓஸ்பெக், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர், ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் கான்டன் வரை போய்வந்தவர். அவர் பயணநூலின் ஜெர்மன் பதிப்பு 1765இல் வந்தது, அதில்தான் இனிப்பு ஆரஞ்சுக்குச் சிட்ரஸ் சினென்சிஸ் என்ற பெயர் தனி இனமாக இடம்பெற்றது. சினென்சிஸ் என்றால் சீனத்தது. அப்ஃபெல்சீனெயும் சிட்ரஸ் சினென்சிஸும் ஒரே சேதியை இரண்டு மொழியில் சொல்கின்றன.

கிழக்கு நோக்கிய கப்பல்பாதை ஜெர்மன் பழக்கடையில் வேறு தடங்களையும் விட்டிருக்கிறது, அவற்றில் சில நமக்கு நெருக்கமானவை. மாண்டரீனெ என்ற பெயர் சீன அதிகாரிகளைக் குறித்த மாண்டரின் என்ற சொல்லிலிருந்து வந்தது. அது போர்ச்சுகீசியர் மலாய் மொழியில் கேட்ட மெந்தெரி, அதற்குப் பின்னால் சமஸ்கிருத மந்திரி, நம் மந்திரியேதான். பப்ளிமாஸுக்கு ஜெர்மனில் பம்பெல்மூஸெ. இது டச்சு பொம்பெல்மூஸிலிருந்து வந்தது. அந்த டச்சுச் சொல் நம் பம்பளிமாசிலிருந்து போனது என்று ஒரு கட்சி, பூசணியைக் குறிக்கும் டச்சுச் சொல்லும் எலுமிச்சையைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லும் ஒட்டியது என்று இன்னொரு கட்சி. டச்சுக்காரர்கள் 1610 வாக்கிலேயே பழவேற்காட்டில் கடை விரித்துவிட்டார்கள், 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு வந்தன, ஆகையால் சொல் கைமாற இடமும் நேரமும் தாராளமாக இருந்தது. பப்ளிமாஸின் தாயகம் தென்கிழக்கு ஆசியா என்பதால் நாமும் அதை எங்கிருந்தோ வாங்கியவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் குறைவான உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது: ஆஃப்ரிகான்ஸ் மொழியில் தோல் தளர்ந்த ஆரஞ்சுக்கு நார்ச்சி என்று பெயர், அகராதிகள் அதை நேராகத் தமிழ் நாரத்தையோடு இணைக்கின்றன. டச்சு அடிப்படையில் உருவான அந்த மொழியில் இனிப்பு ஆரஞ்சுக்கு அப்ஃபெல்சீனெயின் உறவு எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை, அங்கே அது லெமூன், எலுமிச்சையின் பெயர்.

கிழக்கு ஜெர்மனி தனிநாடாக இருந்த காலத்தில் அப்ஃபெல்சீனெ கிறிஸ்துமஸை ஒட்டிக் கடைக்கு வரும் அரிய சரக்கு, வரிசையில் நிற்க வேண்டும். அப்போது கியூபாவிலிருந்து வந்த ஆரஞ்சுகள் தோல் பச்சையும் மஞ்சளுமாக, சதை நாராக இருந்ததை அந்தத் தலைமுறை இன்னும் குறைசொல்லும். நாராக இருந்தது உண்மை, பிழிந்து குடிக்கத்தான் லாயக்கு. ஆனால் பச்சைத்தோல் பழுக்காததன் அடையாளமல்ல. இரவு குளிர்ந்தால்தான் ஆரஞ்சுத் தோலின் பச்சையம் கலைந்து உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். வெப்பநாட்டில் உள்ளே கனிந்தாலும் வெளியே பச்சை போகாது. சாத்துக்குடி தின்று வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று இரண்டு பெயருக்கும் நடக்கும் போட்டியில் ஒரான்ஷெ தெளிவாக முந்துகிறது. நிறத்தின் பெயர் முதலிலிருந்தே ஒரான்ஷ், சாறு வடக்கிலும் பெரும்பாலும் ஒரான்ஷென்சாஃப்ட், உள்ளே சிவந்த ரகம் ப்ளூட்ஒரான்ஷெ, தொடையில் விழும் மேடுபள்ளத் தோலுக்குக்கூட ஒரான்ஷென்ஹௌட். நாடு முழுக்க ஒரே விலைச்சீட்டு அச்சடிக்கும் சூப்பர் மார்க்கெட் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம், தெற்கிலும் வடக்கிலும் புரிவது, ஆங்கிலத்தோடும் பிரெஞ்சோடும் ஒத்துப்போவது. அப்ஃபெல்சீனெக்கு மிச்சமிருப்பது கையில் எடுத்து உரிக்கும் முழுப்பழம், அதுவும் வயதானவர்கள் பேச்சில்தான் அதிகம். ஹம்பர்கிலோ ரொஸ்டொக்கிலோ வாரச்சந்தையில் அப்ஃபெல்சீனெ என்று கேட்டால் ஒருவரும் வியந்து திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வியன்னாவில் கேட்டாலும் பழம் கிடைக்கும், ஆனால் கடைக்காரர் நீங்கள் ஜெர்மன் கற்றது வடக்கே எங்கோ என்று முடிவுகட்டிவிடுவார்.